சீனிச்சாமிக்கு வந்த டோலி

பேச்சியம்மாளின் கடிதத்தை என் மனைவி செல்லத்தாய் கடையில் வைத்தே படித்துக் காட்டினாள். பேச்சியம்மாள் என் சிநேகிதன் சீனிச்சாமியின் சம்சாரம். ஏலமலையில் அவர்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. சீனிச்சாமிக்கு மலைக்காய்ச்சல் வந்ததும், அது போகும்போது கண் பார்வையையும் கூட்டிக்கொண்டு போனதும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆறு மாதத்தில் பார்வை திரும்பிவிடும் என்று யாரோ வைத்தியர் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. "அவர் பேசுவதே இல்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார். இனி மலையில் இருந்து என்ன செய்வது அண்ணா? தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போடியில் என் தம்பி வீட்டோடு வந்துவிடுகிறோம். பின்கட்டில் ஓர் அறை ஒழித்துத் தருகிறானாம். வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கி இறக்க டோலி சொல்லியாகிவிட்டது" என்று எழுதியிருந்தாள்.

பின்கட்டு அறை என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். எனக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. அதில் முதல் வருஷத்தை நானும் ஒரு பின்கட்டு அறையில்தான் கழித்தேன். வேளாவேளைக்குச் சோறு வரும். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் என்னை யாரும் எதற்கும் கேட்கவில்லை. செத்தவனுக்கும் எனக்கும் சோறு ஒன்றுதான் வித்தியாசம். ஒருநாள் செல்லத்தாய் ஏதோ கோபத்தில் ஒரு துணிக்கட்டை என் மடியில் தூக்கிப் போட்டு, "இது என்ன ரகம்னு சொல்லுங்க, கடையில ஆள் நிக்கிது" என்றாள். தடவிப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் கடையில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கும் துணி அளக்கும் கஜக்கோல் என் கையில்தான் இருக்கிறது.

சீனிச்சாமி கீழே வந்து அந்த அறையில் உட்கார்ந்துவிட்டால், பிறகு நான் போவது துக்கம் விசாரிக்கப் போவதற்குச் சமம். வெள்ளிக்கு முன்னால் மேலே போய் அவனைப் பிடிக்க வேண்டும் என்றேன். "மலைப்பாதையில நீங்களா?" என்று ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில் புளிசாதம் கட்டப் போய்விட்டாள். கூடவே அட்டைக்கடிக்கு ஒரு பொட்டலம் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பொதிமாட்டுக்கார வீரணனோடு புறப்பட்டேன். மேலே அரிசியும் உப்பும் கொண்டுபோய், கீழே ஏலக்காய் கொண்டுவருவது அவன் சோலி. மலையடியில் முந்தல் வரை கட்டை வண்டி. இப்போது அந்தப் பாதையில் மோட்டார் விடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். விட்டால் நல்லதுதான், மோட்டாருக்குக் கடையாணி கிடையாதாம். எங்கள் வண்டிக்கு இருந்தது. பாதி வழியில் அது கழன்று, சக்கரம் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் போனோம். நான் அரிசி மூட்டைமேல் விழுந்தேன். வீரணன் கள்ளிமேல் விழுந்தான்.

"அடிபட்டுச்சாண்ணே?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணு தெரிஞ்ச நீ ஏன்டா முள்ளப் பாத்து விழுந்த?"

முந்தலுக்கு மேல் நடைதான். கடைசி மாடான மயிலையின் பொதிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். போடித் தெருவில் எனக்கு எத்தனை எட்டில் சாக்கடை, எந்த வீட்டு வாசலில் அம்மி என்பதெல்லாம் அத்துப்படி. இங்கே அதெல்லாம் செல்லாது. ஆனாலும் மலை தன் போக்கில் சேதி சொல்லிக்கொண்டே வந்தது. பள்ளத்துக் காற்று வலது கன்னத்தில் அடிக்கும். கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் அதே காற்று இடது கன்னத்துக்கு மாறும். ஏற ஏற வெயில் இளைத்து, மண்வாசனை போய் ஈர இலை வாசனை வந்தது.

மேட்டை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. முன்னால் போகிற மாடு தெரியவில்லை என்று வீரணன் நின்றுவிட்டான். இந்த இடத்தில், கண் தெரியாத நான் முன்னே நடந்து எல்லோருக்கும் வழிகாட்டினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. பனிக்குள் ஓசையெல்லாம் பஞ்சில் சுற்றியதுபோல் ஆகிவிட்டது. கன்னத்துக் காற்றும் நின்றுபோனது. எனக்கும் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரும் மாட்டுக்கு அண்டையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். வழி கண்டுபிடித்தது மயிலைதான்.

எல்லைச் சாவடியில் திருவிதாங்கூர்ச் சேவகன் ஒருவன் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தான். அவன் வீரணனிடம் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவர் எதற்கு இந்தக் குளிரில் மலை ஏறுகிறார்? இவருக்குப் பார்க்க இங்கே என்ன இருக்கிறது?"

கண் தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்பது எல்லா ராஜ்யத்திலும் உள்ள நம்பிக்கை. "பார்க்க வரவில்லை ஐயா. ஒருத்தனை ஏசிவிட்டுப் போக வந்திருக்கிறேன்" என்றேன். அவன் கொஞ்சம் தடுமாறி, பிறகு சத்தமாகச் சிரித்தான். அன்று அவன் குடிசையிலேயே எங்களைத் தங்க வைத்து, வேகவைத்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தான். நம் ஊர் மிளகாய் வாயில் எரியும். காந்தாரி காதில் எரிகிறது. தண்ணீருக்குத் தவித்ததில் அவன் செம்பை எங்கே வைத்தான் என்று கேட்கக்கூட எனக்கு நா எழவில்லை.

செவ்வாய் மதியம் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். காலில் ஏழு அட்டை. பேச்சியம்மாள் சுண்ணாம்பு தடவி ஒவ்வொன்றாக எடுத்தாள். "இம்புட்டுத் தூரம் எதுக்குண்ணே வந்தீக, வெள்ளிக்கிழமை நாங்களே வந்திருப்போமே" என்றாள். குரல் நன்றாக இளைத்திருந்தது.

சீனிச்சாமி உள் அறையில் இருந்தான். "மாப்ளே" என்றேன். "ம்" என்றான். அவ்வளவுதான். சின்ன வயதில் போடிச் சந்தையில் அவன் கூப்பிட்டால் ராசிங்காபுரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேலி செய்வோம். அப்பேர்ப்பட்ட தொண்டை அது.

நான் அந்த அறையில் கைத்தடியை நீட்டிப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. கூடத்துக்கு வந்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. பெஞ்சு, உரல், அரிசிக் குதிர் எதுவும் இல்லை. பேசினால் குரல் எதிரொலித்தது. அவன் இடித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டையே காலி செய்து வெளித்தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தாள் பேச்சியம்மாள். பாயிலிருந்து கொல்லைக்குப் போக இரண்டு பேர் இரண்டு கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். மொட்டைப் பொட்டலில் விட்ட மாதிரி, பாவம், அவனுக்குத் தன் வீட்டிலேயே திசை தெரியவில்லை.

புதன்கிழமை காலை முதல் வேலையாக எல்லாச் சாமானையும் பழைய இடத்தில் வைக்கச் சொன்னேன்.

"முட்டிக்கிருவாகண்ணே."

"முட்டட்டும் தாயி. முட்டுனாத்தான் அவனுக்கு வீடு எங்கிட்டு இருக்குன்னு தெரியும்."

அவள் மனசே இல்லாமல் வைத்தாள். பிறகு நான் சீனிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த உபதேசத்தை ஆரம்பித்தேன். என் கடை, என் கஜக்கோல், நான் தனியாகக் கோயிலுக்குப் போவது, மரச்சட்டத்தில் வரிக்கு வரி நூல் கட்டி அதைத் தடவித் தடவி நானே எழுதுவது என்று ஒன்று விடவில்லை. கேட்கக் கேட்க அவன் மூச்சு கனத்தது.

"ஒனக்குத் துணி மாப்ளே. உக்காந்த எடத்துக்கு வரும். எனக்கு மலை. அது எந்திரிச்சு என் மடிக்கு வருமா?" என்று சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து கூடத்துக்கு நடந்தான். உரலில் முழங்காலை இடித்துக்கொண்டான். உடனே அந்த உரலையும், அதைக் கொத்தியவனையும், அதை அங்கே வைக்கச் சொன்ன என்னையும், என் வம்சத்தையும் சேர்த்து வைது தீர்த்தான். பழைய தொண்டை. ஆறு மாதத்தில் அவன் பேசிய முதல் நீளப் பேச்சு அதுதானாம். பேச்சியம்மாள் அடுப்படியில் அழுதாள். அது துக்க அழுகை இல்லை என்பது மூக்கைச் சிந்திய வேகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அத்தோடு அவன் மறுபடி அறைக்குள் போய்விட்டான். என் உபதேசம் செல்லாக்காசாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம். மனசை ஆற்றிக்கொள்ள, ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்குப் போனேன். அதை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். கொல்லையில் நாரத்தை மரத்திலிருந்து ஒரு நாற்பது எட்டு, சரிவில். உள்ளே நுழைந்ததும் வெக்கையும் புகையும் முகத்தில் அறைந்தன. கீழே விறகு கனன்றுகொண்டிருக்க, மேலே பரண்மேல் பாய்களில் காய் பரப்பிக் கிடந்தது. பச்சைக் காயின் வாசனை ஒரு மூலையில், காய்ந்த காயின் வாசனை இன்னொரு மூலையில். கங்காணி மாரியப்பன் பாய்களைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"எப்பிடிண்ணே இருக்கு காய்?" என்று என்னிடம் கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும், நான் துணிக்கடைக்காரன்."

"எனக்கும் தெரியலண்ணே. நான் தோட்டத்து ஆளு. இந்தச் சோலியெல்லாம் அவுகதான் பாப்பாக. கூடக் காஞ்சா வெடிக்கிது, கொறையக் காஞ்சா மூட்டையில பூசணம் பூக்குது. ஆறு மாசமா பயந்துக்கிட்டே கிண்டுறேன்."

காய்ந்தது என்று அவன் சொன்ன பாயிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன். செல்லத்தாய்க்குக் காப்பியில் போட ஆகும் என்று நினைத்தேன், வேறு எந்தத் திட்டமும் இல்லை. சீனிச்சாமியின் அறை வாசலில் உட்கார்ந்து, பேச எதுவும் இல்லாததால் அந்தக் காயைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டு" என்றான் உள்ளேயிருந்து.

"எத?"

"கையில வச்சிருக்கியே. அது காயல. உள்ளுக்குள்ள விதை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. காஞ்ச காய்னா சலங்கை மாதிரிப் பேசும். இது தொண்டை கட்டுனவன் மாதிரிப் பேசுது. இன்னும் ரெண்டு மணி நேரம் வேணும். யாரு எடுக்கச் சொன்னா?"

நான் குலுக்குவதை நிறுத்தினேன். "அடப்பாவி, அப்பறம் இங்க என்ன மாப்ளே பண்ற? போய் அவன்கிட்டச் சொல்லலாம்ல?" என்றேன்.

"போகக் கூடாது. பொகை கண்ணுக்கு ஆகாது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. புகை கெடுப்பதற்கு அங்கே கண்ணில் என்ன மிச்சம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. வைத்தியர் சொன்னாராம், பார்வை திரும்பும் வரை புகையே படக் கூடாது என்று. மலையில் எல்லோரும் அதைத் தெய்வவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஸ்டோர்ப் பக்கம் திரும்பினாலே மாரியப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துத் திருப்பிவிடுவானாம். ஏலக்காய்க்காரனைக் கொண்டுபோய்ப் புகையில்லாத இடத்தில் வைத்தால் அவன் எதைத் தொட்டு, எதைக் கேட்டுப் பிழைப்பான்?

"சிரிக்காத" என்றான் சீனிச்சாமி. அவன் குரல் தணிந்திருந்தது. "பேச்சியும் வைத்தியரும் சொல்றதுக்காக மட்டும் நான் உக்காந்திருக்கல. அந்தக் கதவத் தாண்டி நான் உள்ள போயிட்டா, இனிமே கண்ணு வராதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல."

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதுவரை செல்லத்தாயிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். பார்வை அடியோடு போன பிறகும் பத்து மாதம், தினமும் காலையில் என் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாட்டவில்லை. அன்றைக்கு முழுக்க அழுதேன். மறுநாள் பசித்தது.

அவன் பாயோடு வாசல் பக்கம் நகர்ந்து வந்தான். பிறகு, "அந்தக் கண்ணாடிய என்ன பண்ணுன?" என்று கேட்டான்.

"பெட்டியில கெடக்கு. தூக்கிப் போடல."

"அதுவும் சரிதான்" என்றான்.

வியாழக்கிழமை காலை கஞ்சி குடித்ததும் சீனிச்சாமி எழுந்து கொல்லைக்கதவைத் திறந்தான். என் பழைய கைத்தடியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் பேச்சியம்மாளின் தோளைத் தொட்டுக்கொண்டு பின்னால் போனேன். நாரத்தை மரம் வரை அவன் நடை தடுமாறியது. மரத்தில் கை வைத்து நின்றான். அங்கிருந்து சரிவு தொடங்குகிறது. மாரியப்பன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான்.

"விடுறா" என்றான் சீனிச்சாமி. "நீ வேணும்னா முன்னால பேசிக்கிட்டே நட. நான் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

மாரியப்பனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். முப்பத்தொன்பதில் ஸ்டோர்க் கதவு கிறீச்சிட்டது. புகை வந்ததும் பேச்சியம்மாள் பழக்கத்தில், "கண்ணு" என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே போனவன் பாய் பாயாக அள்ளிக் குலுக்கினான். இது சரி, இதைக் கிண்டு, இதற்குத் தீ அதிகம், அந்தக் கட்டையை இழு என்று ஒரே அதட்டல். இடையில் பழைய நினைப்பில் அடுப்பு வாய்த் தகட்டில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டான். அவன் அலறியது வெளியே இருந்த எங்களுக்குக் கேட்டது. இத்தோடு முடிந்தது, மறுபடி அறைக்குள் போய்விடுவான் என்று நினைத்தேன்.

"மாரியப்பா" என்றான் உள்ளேயிருந்து, "இந்தத் தகட்டுக்கு முன்னால ஒரு கல்லத் தூக்கிப் போடு. காலுல தட்டுனா எனக்குத் தெரியும். வெரசா செய்யி." பேச்சியம்மாள் கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு மதியம் வரை அங்கேயே இருந்தான். மாரியப்பன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துப் பாரத்தை இறக்கிவைத்த ஆள் எப்படிப் பாடிக்கொண்டு விறகு சுமப்பான் என்பதை அன்று கேட்டேன்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதெல்லாம் என்னால் நடந்தது என்று மிதப்பு வேறு. கைத்தடி சீனிச்சாமியிடம் இருக்கிறதே, நமக்கு எதற்கு என்று சாயங்காலம் வெறுங்கையோடு ஓடைக்குக் கால் கழுவப் போனேன். போடித் தெரு என்று நினைப்பு. பாசிப் பாறை இருந்தது. அடுத்த நிமிஷம் நான் ஓடைக்குள் உட்கார்ந்திருந்தேன், வலது கணுக்கால் என்னுடையதாக இல்லை. ராத்திரிக்குள் பூசணிப்பிஞ்சு அளவுக்கு வீங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் டோலிக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். "கண்ணு தெரியாதவுகள ஏத்தச் சொன்னாகளே, எங்க அவுக?" என்றார் ஒருவர்.

"அவரு ஸ்டோருல சோலியா இருக்காரு" என்றாள் பேச்சியம்மாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது குரலில் தெரிந்தது. போடிக்கு வரவில்லை என்று தம்பிக்கு ஒரு சேதி சொல்லியனுப்பினாள். தோட்டத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு இந்த வருஷத்துக்கு இல்லை. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு, "டோலி சொன்னது சொன்னதுதான். அதுல எங்க அண்ணனத் தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

நடந்தே போவேன் என்று முரண்டு பிடித்தேன். எழுந்து ஓர் எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். மலையேறி வந்து சொந்தக் காலில் நில் என்று உபதேசம் பண்ணியவனை நான்கு பேர் தூக்கி டோலியில் வைத்தார்கள். வெட்கமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கால் வலிக்கிறவன் டோலியில் போகலாம் என்பது நியாயமாகவும் இருந்தது. கீழே போனதும் கால் சரியாகும், இறங்கி நடப்பேன். அவ்வளவுதானே விஷயம்.

சீனிச்சாமி பாதை வளைவு வரை கூட வந்தான். தடி ஓசை டோலிக்கு இடது பக்கமாகவே வந்தது. உடம்பெல்லாம் புகைவாசனை. வளைவில் டோலியை இறக்கச் சொல்லி, ஒரு சின்னத் துணிமுடிப்பை என் மடியில் வைத்தான். குலுக்கிப் பார்த்தேன். சலங்கை.

"மாப்ளே" என்றான், "வீட்டுக்குப் போனதும் செல்லத்தாய் தங்கச்சி பயந்துபோய்ப் பெஞ்சு உரலெல்லாம் ஒதுக்கிறப்போகுது. வேணாம்னு சொல்லு. முட்டுனாத்தான வீடு தெரியும்."

"போடா" என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். டோலிக்காரர்கள் தண்டைத் தோளுக்கு ஏற்றப் போனார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். தடியின் தட்டல் மேட்டில் ஏறிப் போனது. நாரத்தை மரத்தடியில் நின்றது. முன்னால் எண்ணிக்கொண்டு நடக்க இப்போது மாரியப்பன் இல்லை. நான் இங்கிருந்து மனசுக்குள் எண்ணினேன். நாற்பதைத் தாண்டியும் கதவுச் சத்தமில்லை. ஐம்பதிலும் இல்லை.

"என்னண்ணே, போகலாமா?" என்றார் முன்தண்டுக்காரர்.

ஐம்பத்தேழில் ஸ்டோர்க் கதவு கிறீச்சிட்டது. "தூக்குங்கப்பா" என்றேன்.